ஜமீனிடம் வலை கேட்ட கெங்கம்மாள்

கெங்கம்மாள் ஆட்டுக்குடல் போட்டிக் குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்தால், கும்மிடிப்பூண்டி ரயிலடியிலிருந்து ஊத்துக்கோட்டைக் கடைவீதி வரைக்கும் உள்ள நாய்கள் அத்தனையும் எழுந்து நின்று உடம்பை உதறிக்கொள்ளும். ஊத்துக்கோட்டை கொஞ்சம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ரயில்வே கேட் வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எழுந்து நிற்கிற நாய்களில் ஒன்றுகூட இன்னொன்றின் மேல் பாயாது என்கிறேனே, அதில் ஒரு சொல்லையும் நான் கூட்டவில்லை.

வேப்பமர நிழல் ஒன்றுக்கு. ஓடாமல் நின்றுவிட்ட லாரியின் சக்கரத்தடி ஒன்றுக்கு. தண்ணீர்த் தொட்டியின் பின்புறம் பல் போன கிழட்டு நாய்க்கு. இப்படி இடம் பிரித்துக் கொடுத்திருக்கிறாள். எலும்பு அந்தந்த இடத்துக்குப் பறக்கும். ஒன்று தின்பது இன்னொன்றின் கண்ணில் படாது. "ஒண்ண ஒண்ணு பாக்காத மாதிரி குந்த வெச்சா சண்ட ஏது? மனுசனுக்குத்தான் அப்டி குந்த எடமில்ல. அதான் இத்தினி பேஜாரு" என்பாள்.

ஜி.என்.டி. சாலையில் லாரிகள் மூச்சு வாங்க நிற்கிற இடத்தில் அவள் நாஷ்டா கடை. மேலே கீற்று, பக்கத்தில் தகரம். விடிவதற்கு முன்பே இட்லி ஆவி சாலைக்கு வந்துவிடும். இப்போது தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று நிலம் அளக்கிறவர்களும், கம்பிக் கட்டுகளோடு வருகிற மேஸ்திரிகளும், ஆந்திரா போகிற டிரைவர்களும் அவளிடம்தான் வாய் நனைக்கிறார்கள். ஆள் குள்ளம். மூக்குத்தி பெரிது. குரல் மூக்குத்தியைவிடப் பெரிது. வாய்க்குள் ஒரு பக்கம் எப்போதும் புகையிலை இருப்பதால், பேசும்போது ஒரு கன்னம் மட்டும் பேசும்.

தன் பொருளை யாரும் தொடக்கூடாது என்பது அவள் சட்டம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மர முக்காலி. அதில் அவள் மட்டும்தான் உட்காருவாள். அவள் இல்லாதபோது அது சும்மா இருக்கும். ஒருமுறை புதிதாக வந்த பஸ் கண்டக்டர் ஒருவர் தெரியாமல் அதில் உட்கார்ந்துவிட்டார்.  கெங்கம்மாள் அவருக்கு எதிரே வந்து நின்றாள். மென்றுகொண்டிருந்த கன்னம் நின்றது. கையில் கரண்டி அசையவில்லை. கண்டக்டர் தானாக எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு, நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போனார். சட்னி வாளிக்குள் கை நீட்டுகிற டிரைவர்களுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது. புறங்கையில் கரண்டிக் காம்பால் ஒன்று விழும்.

அவள் சாப்பிடுவதைப் பார்த்தவர்கள் குறைவு. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தட்டை மடிக்குள் இழுத்துக்கொண்டு சாப்பிடுவாள். காரணத்தை ஒருநாள் கேட்டேன். நான் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவள் என்பதால் அவளுக்கு நான் டீச்சரம்மா.

"எங்க ஊட்ல அண்ணன் தம்பிங்க ஜாஸ்தி, டீச்சரம்மா. எங்கம்மா எனுக்குனு ஒரு மீன் துண்டு வெப்பா. நான் சோத்த பெசயறதுக்குள்ள எவனாச்சும் எட்த்துக்குவான். அழுதா, 'பொட்டப்புள்ளக்கி இன்னா மீனு'ம்பாங்க. செவுத்தாண்ட திரும்பி குந்திக்கினு துன்ன பழகிட்டேன். இப்ப ஒருத்தனும் இல்ல. ஆனா வயித்துக்கு அது தெரியணுமே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு, தொட்டிக்குப் பின்னால் எலும்பின் மேல் கவிழ்ந்து கிடந்த கிழட்டு நாயைக் காட்டி, "அதுவும் நானும் ஒரே ஜாதி" என்றாள்.

நாய்களைப் பற்றி நான் படித்ததெல்லாம் அவை நன்றியுள்ளவை என்ற ஒரு வரிதான். பாடப்புத்தகத்தில் அதற்குமேல் இல்லை. நாய் தன் பொருளைப் பிடித்துக்கொண்டு உறுமினால், நாமெல்லாம் கல்லை எடுப்போம். கெங்கம்மாள் அப்படியே நின்றுவிடுவாள். "உறுமற நாயி நல்ல நாயி. சொல்லிட்டு செய்யிது. நீ உறுமறதுக்கு அடிச்சி அடிச்சி வுட்டின்னா, அப்பால அது சொல்லாமயே கடிக்கும். வாயத் தெச்சி வுட்டுட்டு, பேசலியேன்னா எப்டி?" உறுமலுக்கு முன்னாலேயே நாய் பேசத் தொடங்கிவிடுகிறது என்பாள். "மென்னுக்கினு கீற வாயி நின்னுச்சா? அதான் மொத வார்த்த. தல அசையாம கண்ணு ஒண்டி உன் பக்கம் வந்து வெள்ள முழி தெரிஞ்சா, அது ரெண்டாவது வார்த்த. மூணாவது வார்த்தைக்கி நீ ஆஸ்பத்திரில கீற."

மேஸ்திரி ஒருவரின் செருப்பைக் குட்டிநாய் ஒன்று கவ்விக்கொண்டு ஓடியது. மேஸ்திரி துரத்தினார். நாய் இன்னும் ஓடியது. இவர் கத்தினார், அது லாரிக்கு அடியில் போய்ப் பல்லைக் காட்டியது. கெங்கம்மாள் அவரைப் பிடித்து நிறுத்தினாள். "நீ தொரத்தறதாலதான் நைனா, அது செருப்புன்றத மறந்துட்டு தங்கம்னு நெனச்சிக்கிச்சி." வேறெங்கோ பார்த்தபடி லாரியைத் தாண்டி நடந்தாள். நடந்த வழியில் ஒரு போட்டித் துண்டு விழுந்தது. திரும்பி வந்தபோது இன்னொன்று. குட்டி செருப்பை விட்டு வந்து அதைத் தின்றது. அப்போதும் அவள் செருப்பை எடுக்கவில்லை. குட்டிக்கு அதன்மேல் இருந்த ஆசையே போய், அது வேப்பமரத்தடிக்குப் போய்ப் படுத்த பிறகுதான் மேஸ்திரிக்குக் கண்ணைக் காட்டினாள்.

இதெல்லாம் கடைவாசல் வித்தை. இந்த மனுஷியின் முழு வித்தையை நான் பார்த்தது ஏரிக்கரையில்.

சுண்ணாம்புக்குளம் தாண்டினால் பழவேற்காட்டு ஏரி. அதன் கரையில் மணல்மேட்டுக் குப்பம். அங்கே எறா என்கிற இறால் பிடிப்பதற்குப் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. ஏரியில் எந்த இடத்தில் எந்த வீட்டார் எந்த நாளில் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி வரிசை வைத்துக்கொள்வார்கள். இன்று உன் பாடு, நாளை என் பாடு. யாரும் யார் இடத்திலும் கை வைப்பதில்லை. ஆனால் தன் பாட்டு நாளில் பொழுது சாய்வதற்குள் வலை இறக்காத வீடு, வரிசை முழுதும் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் எறா பருவமே முடிந்துவிடும். ஆம்பிளை போன வீடாக இருந்தால் இன்னும் மோசம். வலை இறக்கக் கையில்லாத வீடு என்று பாட்டுவரிசையிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். இரவல் வலையும் செல்லாது. அவரவர் வீட்டு வலைதான் இறங்க வேண்டும்.

அந்தக் குப்பத்துச் சடையப்பன் மஞ்சள் காமாலையில் செத்துப்போனான். மனைவி பச்சையம்மா, கைக்குழந்தையோடு. அவள் கெங்கம்மாளுக்குக் கருவாடு கொண்டுவந்து போடுகிறவள். சடையப்பனுக்கு ஒரு நாய் இருந்தது. கன்றுக்குட்டி உயரம். சரி, வெள்ளாட்டுக்குட்டி உயரம். தனக்கென்று ஒரு இடத்தைப் பிடித்துவிட்டால் ஒருவரையும் அண்டவிடாத அதன் குணத்தைப் பார்த்து அவன்தான் பெயர் வைத்தான், ஜமீன் என்று. "ஊர் ஜமீனெல்லாம் சர்க்காரு ஒழிச்சிட்டான். இது ஒண்ணுதான் பாக்கி" என்று சொல்லிச் சிரிப்பானாம்.

அவன் போனபிறகு ஜமீன், வலைக்கொட்டகையில் குவித்துக் கிடந்த அவன் வலைமேல் ஏறிப் படுத்தது. இறங்கவில்லை. யார் வந்தாலும் பல். பச்சையம்மாவின் பாட்டுநாளும் வந்துவிட்டது. ஆர்.கே.பேட்டைப் பக்கம் கூலிவேலைக்குப் போயிருந்த அவள் அண்ணன் துலுக்காணம் வலை இறக்கித் தர வந்திருந்தான். துடுப்பால் நாயை ஒரு போடு போட்டான். நாய் அவன் கையைக் கிழித்துவிட்டு மறுபடியும் வலைமேல் போய்ப் படுத்துக்கொண்டது.

கட்டுப்போட்ட அந்தக் கையோடு துலுக்காணம் அன்று காலை கெங்கம்மாள் கடையில் வந்து உட்கார்ந்தான். நான் இட்லி வாங்கப் போயிருந்தேன். கும்மிடிப்பூண்டிக்கு எதற்கு வந்தாய் என்று கெங்கம்மாள் கேட்டதற்கு, எலி மருந்து வாங்க என்று சொல்லி, வலைமேல் கிடக்கிற ஜமீனின் கதையையும் சொன்னான்.

"வலை மேல சாவ வெச்சிடுவியா?" என்றாள் கெங்கம்மாள்.

"அதாங்க பேஜாரு. வலை மேல உசுரு பூட்டா அந்த வல ஏரில எறங்கக்கூடாது. தீட்டு. கறில மருந்த வெச்சி தூரமா போட்டு, எறங்கி வந்து துன்ட்டு அங்கியே சாவட்டும்னு பெரியவருகூட சொல்ட்டாரு."

"அது எறங்கி வருதா?"

"வரலியே. நேத்துலேர்ந்து கூப்ட்டு பாத்தாச்சி. ஊரே மீன் போட்டுச்சி. வாள, கெழங்கா, நல்ல நல்ல மீனு. வலை மேலயே போட்டோம், துன்ட்டு குளுந்து பூடும்னு. துன்னவும் இல்ல, வுடவும் இல்ல. மீனயும் சேத்துக் காவக் காக்குது."

கெங்கம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "மீன் மேல மீனா போட்டு நாய பணக்காரனா ஆக்கிட்டீங்களேடா. பணக்காரனுக்கு பயம் ஜாஸ்தியாச்சே. வெறும் வலையா இருந்தா பாதி நாள்ல எழுந்திருக்கும்."

குப்பத்தில் பிறந்தவர்களுக்கு எந்தக் கோபத்துக்கும் மருந்து மீன்தான். கோபித்துக்கொண்ட சம்பந்தி, அழுகிற குழந்தை, வழக்குக்கு வந்த பக்கத்துக் குப்பத்தான், எல்லாருக்கும் மீன். நாய்க்கும் அதையே செய்திருக்கிறார்கள்.

அன்று அவள் செய்த முதல் அதிசயம் கடையை மூடியது. பாதி நாஷ்டாவில் உட்கார்ந்திருந்த டிரைவர்கள் தட்டோடு எழுந்து வெளியே போனார்கள். ஒரு தூக்குப் பாத்திரத்தில் போட்டியை எடுத்துக்கொண்டு, எறா ஏற்ற ஏரிக்குப் போகிற ஐஸ் லாரியை நிறுத்தி ஏறினாள். எனக்கு வேடிக்கை பார்க்கிற வியாதி உண்டு. நானும் ஏறிக்கொண்டேன். துலுக்காணம் பின்னால் ஐஸ்பெட்டி மேல் உட்கார்ந்து வந்தான். மருந்து வாங்க அவனுக்கு நேரம் கொடுக்கவில்லை.

குப்பத்தில் கொட்டகையைச் சுற்றிக் கூட்டம். வலைமேல் ஜமீன். அதைச் சுற்றி வெயிலில் மின்னிக்கொண்டு மீன்கள். ஈ மொய்த்தது. குப்பத்துப் பெரியவர் பூவராகவன் தள்ளி ஒரு கவிழ்த்த ஓடத்தின்மேல் உட்கார்ந்திருந்தார். கெட்டவர் இல்லை. "சட்டம் நான் பண்ணதில்லம்மா. பொழுது அந்த சவுக்குத் தோப்புக்குப் பின்னாடி எறங்கறதுக்குள்ள வலை தண்ணில இருக்கணும். இல்லன்னா அடுத்த பாட்டுக்காரன் எறக்குவான்" என்றார். அடுத்த பாட்டுக்காரர்கள் ஓடத்தைத் தயாராகத் தண்ணீரில் தள்ளி வைத்திருந்தார்கள். பச்சையம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் பார்வை நாயிடமும் சூரியனிடமும் மாறி மாறிப் போய்வந்தது.

"துக்கத்துல படுத்துக்கினு கீது பாவம்" என்றாள் யாரோ ஒரு பெண்.

"துக்கம் இல்ல" என்றாள் கெங்கம்மாள். "கவல. இருக்கறதும் பூடுமோன்னு கவல. ஏன்டி பச்ச, சடையப்பன எங்கேர்ந்து தூக்கிக்கினு போனீங்க?"

"இந்த வலை மேலதான்க்கா படுத்துக்கினு இருந்தாரு. இங்கேர்ந்துதான் ஆஸ்பத்திரிக்கு வண்டில ஏத்துனாங்க."

"அப்பால?"

"அப்பால கட்டிலு. பாயி. அவரு துணிமணி. எல்லாம் கொண்டுபோயி..."

"ஆள தூக்குனீங்க. கட்டில தூக்குனீங்க. துணிய தூக்குனீங்க. வந்தவன் எவனும் வெறுங்கையோட போவல. அது பாத்துக்கினுதானே இருந்துச்சி? மனுசன் வந்தா ஒண்ணு கொறையும்னு அதுக்கு தெரிஞ்சி போச்சி. நான் நாயா இருந்தா நானுந்தான் படுத்துக்குவேன்." பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். "எல்லாம் எட்டப் போங்க. கண்ணுக்குத் தெரியாம போங்க. டீச்சரம்மா, நீங்களும்தான்."

நாங்கள் போனோம். என்னைத் தண்ணீரோரம் சடையப்பனின் ஓடத்துக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். அங்கிருந்து தலையை நீட்டிப் பார்த்தேன்.

கெங்கம்மாள் கொட்டகைக்கு நல்ல தூரத்தில் மணலில் குந்தினாள். நாய்க்கு முதுகைத் திருப்பிக்கொண்டு வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளத் தொடங்கினாள். அவ்வளவுதான். ஏதோ தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பது போல. நடுநடுவே திரும்பாமலே ஒரு போட்டித் துண்டைப் பின்னால் வீசுவாள். நாய்க்குக் கிட்டத்தில் போய் விழும். மேலே விழாது. பிறகு எழுந்து, கொட்டகைக்கு ஒரு பக்கமாக நடந்துபோய், ஒரு துண்டைப் போட்டுவிட்டு, நிற்காமல் திரும்பிவிடுவாள். இரைத்துக்கொண்டிருந்த நாயின் வாய் நின்றால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுவாள். அதற்குமேல் ஒரு அடிகூட வைக்க மாட்டாள். இப்படியே போவாள், போடுவாள், வருவாள். வெயில் ஏறியது, இறங்கத் தொடங்கியது. எங்களில் பொறுமையில்லாதவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் அவளுக்கு அன்று வேறு வேலையே இல்லை.

நான் முதலில் கவனிக்கவில்லை. பூவராகவன்தான் என் பக்கத்தில் வந்து, "காத பாருங்கம்மா" என்றார். அவள் வரும்போது பின்னால் ஒட்டிக்கிடந்த ஜமீனின் காது, இப்போது அவள் வரும்போது நிமிர்ந்தது. வருகிறவள் எடுப்பவள் இல்லை, போடுபவள் என்று அதற்கு ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அது எழுந்தது. வலையிலிருந்து இறங்கி, மணலில் விழுந்ததைத் தின்றது. இன்னும் ஒரு துண்டு, இன்னும் தள்ளி. வாலின் நுனி மட்டும் ஆடியது.

அப்போதுதான் துலுக்காணம் பாய்ந்தான்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. தங்கையின் வாழ்வு அங்கே கிடக்கிறது, சூரியன் தோப்பின்மேல் நிற்கிறது. வலையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துவிட்டான். ஜமீன் திரும்பிய வேகத்தை நான் பார்க்கவில்லை, யாரும் பார்த்திருக்க முடியாது. அவன் வேட்டியில் பாதி அதன் வாயில் இருந்தது, அவன் ஓடத்துக்கு இந்தப் பக்கம் இருந்தான். நாய் வலைமேல் ஏறி நின்று, குரைக்காமல், அடித்தொண்டையில் ஒரே சீராக உறுமியது. அடுத்த பாட்டுக்காரர்கள் கயிற்றை அவிழ்த்தார்கள். பச்சையம்மா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

கெங்கம்மாள் துலுக்காணத்திடம் கத்தவில்லை. "நல்லா பண்ண நைனா. காலைலேர்ந்து நான் குடுத்து குடுத்து சேத்தத ஒரே புடுங்குல செலவு பண்ட்ட. போ, வேட்டிய கட்டிக்கினு வா" என்றாள். மறுபடியும் முதலில் உட்கார்ந்த அதே தூரத்துக்குப் போனாள். முதுகைத் திருப்பிக்கொண்டாள். வெற்றிலை நரம்பு கிள்ளத் தொடங்கினாள். சூரியன் இருக்கிற இடத்தை அவள் பார்க்கவே இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்தமுறை பச்சையம்மாவையும் கூட்டிக்கொண்டாள். குழந்தையை வேறொருத்தியிடம் கொடுக்கச் சொன்னாள். "நீ போ. போட்டுட்டு வா. அதும் மூஞ்ச பாக்காத. வலைய தொட்டுட்டு ஒண்ண போடு. தொட்டா கொறையாது, தொட்டா வரும்னு அதுக்கு தெரியட்டும்." பச்சையம்மா போனாள். போட்டாள். வந்தாள். அடுத்த முறை வலையை ஒரு விரலால் தொட்டாள், போட்டாள், வந்தாள். அதற்கடுத்த முறை ஒரு பிடி வலையைத் தூக்கி, அதே இடத்தில் வைத்துவிட்டு வந்தாள். உறுமல் இருந்தது. பிறகு இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. பிறகு இல்லை.

"வலைன்றது நீட்டமான பொருளு" என்று கெங்கம்மாள் பெரியவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "நாயி எத்தினி பெருசு? ஒரு முனைலதான் படுக்க முடியும். நீங்க யாரும் இழுக்காதீங்க. பச்ச ஒண்டி அந்த முனைலேர்ந்து சுருட்டிக்கினு வரட்டும். ஓடத்துக்குப் போவட்டும், வரட்டும். அவ கை அதுக்கு பழகிடுச்சி."

பிறகு கெங்கம்மாள் எழுந்துபோய் நாயின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். முகத்துக்கு நேரே இல்லை, பக்கவாட்டில். தன் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்காருகிற மாதிரி.

நான் கண்ட காட்சியை எப்படிச் சொல்வது? ஓடத்தின் பின்னாலிருந்து பார்த்தேன். ஜமீனின் வாய் கெங்கம்மாளின் கையருகே. அவள் ஒரு துண்டு கொடுக்கிறாள், நாய் மெல்லுகிறது, இன்னொரு துண்டு கொடுக்கிறாள். அந்தத் தூக்குக்கு அடியே கிடையாதோ என்று எனக்குத் தோன்றியது. கொடுக்கக் கொடுக்க வந்துகொண்டே இருந்தது. அந்தப் பக்கம் பச்சையம்மா வலையைச் சுருட்டிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஓடத்துக்கு வருகிறாள், போகிறாள். மீன்கள் வலையிலிருந்து நழுவி மணலில் விழுகின்றன. அடுத்த பாட்டுக்காரர்கள்கூடத் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். கடைசியாக நாயின் வயிற்றுக்கு அடியில் இருந்த வலை மட்டும் பாக்கி. அதுவும் நகர்ந்தது. ஜமீன் கொஞ்சம் எழுந்து கொடுத்தது, கட்டிலில் படுத்திருப்பவர் பாயை இழுக்க இடம் கொடுப்பதுபோல. கெங்கம்மாளோடு சேர்ந்து அது நடந்து ஓடத்தின் அந்தப் பக்கம் வந்தது; என் கண் அப்போது சூரியன் மேல். துலுக்காணம் ஓடத்தைத் தள்ளினான். வலை தண்ணீரில் இறங்கியபோது சூரியனில் பாதி தோப்புக்கு மேலே இருந்தது. பூவராகவன் எழுந்து நின்று, "சடையப்பன் ஊட்டுப் பாடு" என்று ஏரியைப் பார்த்து உரக்கச் சொன்னார். அது அங்கே வழக்கம். பாட்டுவரிசையில் அந்த வீட்டின் பெயர் நின்றது.

அன்று பிடிபட்ட எறாவை நான் அளக்கவில்லை. ஓடம் முழுகுகிற அளவு என்று சொல்ல ஆசைதான். பச்சையம்மா இன்றைக்கும் பாட்டுக்காரி என்பது போதும். ஜமீன் கிழடாகி, இப்போது ஓடத்தின் மூக்கில் உட்கார்ந்து போய்வருகிறது. வலையை யார் வேண்டுமானாலும் தொடலாம். ஓடத்தின் மூக்கை ஒருவரும் தொடக்கூடாது.

இவ்வளவையும் எழுதி முடித்து, கெங்கம்மாளின் கடையிலேயே உட்கார்ந்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். நாஷ்டா நேரம் முடிந்து, அவள் மாவுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். பச்சையம்மா கருவாடு போட வந்திருந்தாள். கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தகரத்தில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மூக்குத்திய ரொம்ப பெருசு பண்ட்டீங்க" என்றாள் கெங்கம்மாள்.

"நல்லாதாம்மா கீது" என்றாள் பச்சையம்மா. "ஆனா அந்த தூக்கு சங்கதி ஒண்ணு தப்பு."

"என்ன தப்பு?"

"நீங்க ஓடத்தாண்ட இருந்தீங்க, உங்களுக்கு தெரிஞ்சிருக்காது. போட்டி எப்பவோ தீந்துடுச்சி. நான் மொத தடவ வலைய சுருட்டி தோள்ல போட்டப்பவே தூக்கு காலி. அக்கா என்ன பாத்து, நிறுத்தாதன்னு கண்ண காட்டிச்சி."

"பிறகு நாய் எதை மென்றது?"

"மெல்லல. குடுக்க ஒண்ணும் இல்லன்னு அக்கா கைய விரிச்சி காட்டிச்சி. அந்த கைய நாயி வாயில புடிச்சிக்கிச்சி. கடிக்கல. சும்மா வெச்சிக்கினு இருந்துச்சி, இது என்துன்ற மாதிரி. நான் அத்தினி வலையயும் எடுக்கற வரிக்கும். ஓடத்தாண்ட வந்தாங்களே, அப்பயும் வாயிலதான் கை. அக்கா இழுக்கவே இல்லம்மா."

நான் கெங்கம்மாளைப் பார்த்தேன். அவள் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அதுக்கு ஏதாச்சும் ஒண்ணு வோணும்ல" என்றாள்.

பச்சையம்மா எட்டி அவள் வலது கையைப் பிடித்து, உள்ளங்கையை மேலே திருப்பி எனக்குக் காட்டினாள். இட்லி ஆவி சுட்ட பழைய தழும்புகள்தான் இருந்தன. பல் பட்ட தடம் ஒன்றுகூட இல்லை. பச்சையம்மா பிடித்த பிடியை விடவில்லை. கெங்கம்மாளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.